காலையில் கம்பெனி, மத்தியானம் சங்கம்

என் அண்ணிக்கு நான் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வரும். பக்கத்து வீட்டுக்காரி தன் மூன்று வாண்டுகளையும் ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டால் ஆகட்டும். அதே ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாமா என்று என் அண்ணன் கேட்டால் அதுவும் ஆகட்டும். கடைசியில் மூன்று வாண்டுகளும் அண்ணன் மடியிலும் தோளிலும் உட்கார்ந்து படம் பார்த்தன. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்தபோதுகூட அப்படி வியர்த்ததில்லை என்றான். நாத்தனார் சொல்கிறாளே என்று இதில் பாதியைக் கழித்துவிட வேண்டாம். முழுக்க நிஜம்.

இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலை உலகத்தில் ஒன்று இருக்குமானால் அது அண்ணிக்குக் கிடைத்த வேலைதான். கண்ணாடி பாட்டில் செய்யும் கம்பெனியில் அவள் அரசுத் தொடர்பு அதிகாரி. பேர்தான் நீளம், வேலை சுலபமாகச் சொல்லிவிடக்கூடியது. கண்ணாடித் தொழிலைப் பற்றி அரசாங்கம் ஏதாவது விதி போடப் போகிறது என்றால், அது வருவதற்குள் ஓடிப்போய், கம்பெனிக்கு எது நல்லதோ அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டு வர வேண்டும். அண்ணி இதில் கெட்டிக்காரி. எந்த அதிகாரி டீ குடிப்பதற்கு முன்னால் எரிந்து விழுவார், யாருடைய பெண் பரீட்சை எழுதுகிறாள், யாருக்கு முதுகுவலி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கைப்பையில் எப்போதும் தொண்டைக்கு இதமான புதினா மிட்டாய் டப்பா ஒன்று இருக்கும். யாராவது செருமினால் போதும், டப்பா திறந்துவிடும்.

அவள் போய்ப் பேசுகிற தொழில் அமைச்சகத்தில்தான் எனக்கு வேலை. ஸ்டெனோ. கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் ஒன்று விடாமல் எழுதுவேன். பேச வருகிறவள் என் அண்ணி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் கவலைப்பட்டதில்லை. ஸ்டெனோவுக்குக் காதும் கையும் உண்டு, அபிப்பிராயம் கிடையாது என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. என் அபிப்பிராயத்தையெல்லாம் நான் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணியின் சமையலறையில் கொட்டிவிடுவேன். மாடியில் அவர்கள், கீழே நானும் என் வீட்டுக்காரரும். அந்தச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இரண்டு தெருவுக்கு அப்பால் கம்பெனியின் புகைபோக்கி தெரியும். காற்று எங்கள் பக்கம் அடித்தால், காயப்போட்ட துணியை மறுபடி துவைக்க வேண்டியதுதான்.

அந்தப் புகை விஷயத்தில் கம்பெனி போன வருஷம் ஒரு பெரிய வாக்குக் கொடுத்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது, நாங்களும் எங்கள் பங்கைச் செய்வோம், பத்து வருஷத்தில் எங்கள் புகை பாதியாகிவிடும் என்று பேப்பரில் முழுப் பக்க விளம்பரம். கம்பெனி லாரிகளின் பின்பக்கம் முழுவதும் பச்சை இலை வரைந்து அதே வாசகத்தை எழுதிவிட்டார்கள். அந்த லாரிகள் எங்கள் தெரு வழியாகக் கரும்புகை கக்கிக்கொண்டு போவதைப் பார்த்து நான் சிரிப்பேன். அண்ணி சிரிக்க மாட்டாள். அந்த வாசகத்தை எழுதியவளே அவள்தான். உண்மையிலேயே நம்பி எழுதினாள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. எண்ணெய் எரிக்கும் கண்ணாடி உலைகளையெல்லாம் குறிப்பிட்ட தேதிக்குள் மின்சார உலைகளாக மாற்ற வேண்டும் என்று ஒரு வரைவு விதியை வெளியிட்டது. மாற்றுகிற சின்ன உலைக்காரர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரவும் யோசனை இருந்தது. உலை வைத்திருப்பவர்களின் கருத்தைக் கேட்க ஒரு கமிட்டி போட்டுக் கூட்டம் வைத்தார்கள். காலையில் கம்பெனிகள் தனித்தனியாகப் பேசலாம், மத்தியானம் சங்கம் பேசலாம்.

இங்கே சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய உலை, சின்ன உலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி உற்பத்தியாளர் சங்கம் இருக்கிறது. அதில் நாட்டாமை செய்வது அண்ணியின் கம்பெனியைப் போன்ற நாலைந்து பெரிய கம்பெனிகள். கம்பெனி தன் பேரில் சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்களைச் சங்கம் சொல்லும். இது காலம் காலமாக நடக்கிற ஏற்பாடு, யாரும் தப்பாக நினைத்ததில்லை. சங்கச் செயலாளர் நல்ல மனிதர், ஆனால் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. அதனால் சங்கத்தின் மனுக்களை எழுதித் தருவதும் அண்ணிதான். அவர் கேட்பார், இவள் ஆகட்டும் என்பாள்.

அதுவரைக்கும் கம்பெனிக்காக அவள் பேசுவது ஒரு நாள், ஒரு இடம். சங்கத்துக்காக எழுதுவது வேறொரு நாள், அதைப் பேசுவது வேறொரு வாய். ஆகையால் அவளுடைய இரண்டு பேச்சுகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை. அந்தக் கூட்டத்தன்று செயலாளருக்குக் கடைவாய்ப்பல் வலியெடுத்து ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. நீங்கதானே எழுதினீங்க, நீங்களே பேசிடுங்க என்று போனில் முனகினார். அண்ணி என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

காலையில் அவள் கம்பெனிக்காகப் பேசினாள். விதி வரட்டும், சொன்ன தேதியிலேயே வரட்டும், நாங்கள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர்கள், தயாராக இருக்கிறோம் என்றாள். பேசுவதற்கு முன்னால், செருமிக்கொண்டிருந்த கமிட்டித் தலைவரம்மாவுக்கு ஒரு புதினா மிட்டாயும் கொடுத்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கத்தைக் கூப்பிட்டார்கள். அண்ணி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, அதே குரலில், இந்த விதியை ஐந்து வருஷம் தள்ளிவைக்காவிட்டால் தொழிலே படுத்துவிடும் என்று வெளுத்து வாங்கினாள். மருந்துக் குப்பி செய்யும் ஒரு சின்ன உலைக்காரரின் குடும்பக் கஷ்டத்தை அவள் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. எழுதிக்கொண்டேதான் கலங்கினேன்.

தலைவரம்மா குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால் பேசுவது யார் என்று பார்க்கவில்லை. பேச்சு முடிந்தது. அந்த அம்மாவுக்கு மறுபடி இருமல் வந்தது. அண்ணி பழக்கதோஷத்தில் எழுந்துபோய் டப்பாவை நீட்டினாள். தலைவரம்மா நிமிர்ந்தார். டப்பாவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் அண்ணியைப் பார்த்தார்.

“காலையிலயும் ஒண்ணு குடுத்தீங்களே?”

“ஆமாம்மா. இருமல் இன்னும் நிக்கலையே.”

“என் இருமல் இருக்கட்டும். விதி உடனே வரணும்னு காலையில பேசினது நீங்கதானே?”

“நான்தாம்மா. அது கம்பெனிக்காக.”

“இப்ப அஞ்சு வருஷம் தள்ளி வைக்கச் சொன்னது?”

“இது சங்கத்துக்காக.”

“உங்க கம்பெனி சங்கத்துல இருக்கா, இல்லையா?”

“இருக்கும்மா.”

“ஓகோ. ஆனா மிட்டாய் டப்பா மட்டும் ஒண்ணுதானா?”

அறையே சிரித்தது. கதவோரம் நின்றிருந்த பியூன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தலைவரம்மாவும் கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். அடுத்த வாரம் கூட்டம் மறுபடி கூடும். கம்பெனி என்னதான் நினைக்கிறது என்று அன்றைக்கு ஒரே வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதைக் கேட்காமல் விதியைப் பற்றி முடிவெடுக்கப் போவதில்லை. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்க்கிற வேலையில் இருக்கிறவர்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்கவே முடியாது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இரண்டு பேச்சில் எது நன்றாக இருந்தது என்று. நான் யோசிக்காமல் மத்தியானப் பேச்சு என்றேன். அதுதான் உண்மை. காலைப் பேச்சு விளம்பரம் மாதிரி இருந்தது, மத்தியானப் பேச்சில் உயிர் இருந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனாளாம். அவர் திட்டவே இல்லை, டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்பச் சுலபமானது. அடுத்த வாரம் செயலாளரின் பல் சரியாகிவிடும். சங்கத்துக்காக அவர் பேசட்டும், கம்பெனிக்காக அண்ணி பேசட்டும். முகம் ஒன்றாக இருந்ததுதான் பிரச்னை, முகத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அண்ணி டீயைக் குடித்துவிட்டு ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கானால் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. லாரி பின்னால் ஒன்றை எழுதிக்கொண்டு, சங்கத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதற்கு நேர்மாறாகப் பேசுவது யார் காதில் பூச்சுற்றுகிற வேலை என்று கத்தினேன். அண்ணன், சமையலறையில் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அண்ணி மட்டும் மெதுவாக, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“அவர் படிக்கப் போறதும் நான் எழுதினதுதானே. நாளைக்கு ஒருதரம் அந்தக் குப்பிக்காரரைப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

குப்பிக்காரர் என்பது அவள் பேச்சில் வந்த அந்தச் சின்ன உலைக்காரர்தான். ஒரே ஒரு உலை, அதைச் சுற்றி அவர், அவர் மனைவி, மைத்துனன், நாலு ஆட்கள். பேச்சு எழுதுவதற்காக அண்ணி அங்கே போய் உட்கார்ந்து அவர் கஷ்டங்களையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். இந்தத் தடவை அவர் அவளுக்கு ராஜ மரியாதை செய்தாராம். எங்களுக்காகப் பேசினீங்களாமே என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாராம். பிறகு, உலையை மாற்றக் கடன் எப்போது வரும் என்று ஆசையாகக் கேட்டாராம். பழைய உலையைக் கட்டிக்கொண்டு அழ அவருக்கும் விருப்பமில்லை. கடன் கிடைத்தால் நாளைக்கே மாற்றிவிடுவார்.

கடனைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வரிகூட இல்லை. பெரிய கம்பெனிகளுக்குக் கடன் தேவையில்லை, அவர்களுக்கு வேண்டியது அவகாசம்தான். அதனால் சங்கத்தில் யாரும் அதை எழுதச் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. விதி தள்ளிப்போனால் கடனும் கூடவே தள்ளிப்போகும் என்பது குப்பிக்காரருக்குத் தெரியாது. அவருடைய கஷ்டத்தை வாங்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, அவரிடமே நன்றியும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லி அண்ணி அன்றைக்கு அழுதாள். நான் கேலி செய்யவில்லை. எனக்கும் எப்போதாவது வாயை மூடத் தெரியும்.

அடுத்த நாள் அவள் முதலாளியிடம் போய், கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவள் வாயில் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள். அன்று ராத்திரி நடந்ததை அப்படியே எங்களுக்கு நடித்துக் காட்டினாள்.

“என்னால முடியாது சார். சங்கம் சொல்றதை நாம மாத்தணும். இல்லைன்னா லாரியில எழுதினதை அழிச்சிடணும். ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன்.”

“சங்கத்தைப் பகைச்சுக்கிட்டா யாரும் நம்மகூட ஒரு டீ குடிக்க மாட்டாங்க. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும் சார். அதனாலதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன்.”

முதலாளி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போய்ட்டு வாங்க, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம். ஒரு வார்த்தையில் எத்தனை அர்த்தம் இருக்க முடியும் என்று அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஆராய்ச்சி நடந்தது. வேலை போய்விட்டது என்பது அண்ணனின் கட்சி. போனால் போகட்டும், ஆனால் இதைக் கூரை ரிப்பேருக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முந்தின மாதம் செய்திருக்கக் கூடாதா என்று அவன் கேட்டதற்கு அண்ணி தலையணையைத் தூக்கி அடித்தாள். அவள் பயந்துதான் இருந்தாள். ஆனாலும் அந்த வாரம் அவள் சிரித்த மாதிரி அதற்கு முன்பு சிரித்து நான் பார்த்ததில்லை.

கூட்டம் கூடியது. நான் என் மூலையில். செயலாளர் வீக்கம் வடிந்த கன்னத்தோடு வந்து, அண்ணி எழுதிய பேச்சை அப்படியே படித்தார். அவர் படித்ததில் உயிர் இல்லை, ஆனாலும் வார்த்தைகள் வார்த்தைகள்தானே, சிலர் தலையாட்டினார்கள். அவர் பாதி படித்துக்கொண்டிருந்தபோது முதலாளி நனைந்த குடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் வருவதாகச் சொல்லவே இல்லை. அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டு டக்கென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பெனியின் முறை வந்தது. தலைவரம்மா நல்ல மனசோடு ஒரு வழி காட்டினார். போன வாரம் நடந்தது ஏதோ அவசரத்தில் நடந்தது, சங்கத்தின் பேச்சைச் செயலாளரே இப்போது பேசிவிட்டார், அதனால் அண்ணி மத்தியானம் பேசியதைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். செயலாளருக்கு வாயெல்லாம் பல். நானும் எடுத்துவிடட்டும் என்றுதான் நினைத்தேன். அண்ணி எழுந்து நின்றாள்.

“எடுக்க வேண்டாம்மா. ரெண்டையும் பேசினது நான்தான், ரெண்டும் என் பேர்லயே இருக்கட்டும். இப்ப அவர் படிச்சதும் நான் எழுதினதுதான். அதுல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு என்னைவிட யாருக்கும் தெரியாது. அதையும் சேர்த்து எழுதிக்குங்க.”

அதன் பிறகு தன் பேச்சைத் தானே பிரித்துப் போட்டாள். சின்ன உலைக்காரரின் கஷ்டம் உண்மை, ஆனால் அதைக் காட்டி அவகாசம் கேட்பது பெரிய உலைக்காரர்கள் என்றாள். தொழில் படுத்துவிடும் என்று எழுதும்போது எந்தக் கம்பெனி படுக்கும் என்று யாரையும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒரு பேர்கூடக் கிடைத்திருக்காது என்றாள். பெரிய உலைகளுக்குச் சொன்ன தேதியே இருக்கட்டும், சின்னவர்களுக்குக் கடன் கைக்கு வந்த பிறகு தேதி வையுங்கள் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. நான் தலைநிமிராமல் எழுதினேன்.

“இது உங்க கருத்தா, கம்பெனி கருத்தா?” என்று தலைவரம்மா கேட்டார்.

அண்ணி திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்தாள். அறை முழுவதும் கூடவே திரும்பியது. முதலாளி எழுந்தார். செயலாளர் அவரைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தார். முதலாளிக்கு அந்த மனிதரோடு எத்தனையோ வருஷத்துச் சிநேகம். தொண்டையைக் கனைத்தார், குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார், தரையைப் பார்த்தார். இந்த மனுஷன் உட்கார்ந்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

“அவங்க சொன்னதுதான் கம்பெனி சொல்றது,” என்றார். “இனிமே சங்கத்துலயும் இதையேதான் சொல்வோம். அவங்க கேக்கலைன்னா நாங்க வெளிய வந்துடறோம். இதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

எழுதிக்கொண்டேன். சங்கம் அன்றைக்கே திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாசக்கணக்கில் முறுக்கிக்கொண்டு நின்றார்கள், இரண்டு உலைக்காரர்கள் அண்ணியைப் பார்த்தால் இன்றைக்கும் எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள். கடைசியில் சங்கம் ஐந்து வருஷத்தைக் கைவிட்டுக் கடனைக் கேட்டது. குப்பிக்காரர் புது உலைக்கு இடம் ஒதுக்கிவிட்டார். அண்ணியின் வேலைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைக் கேலி செய்துதான் பழக்கம், நல்லதாகச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“உங்களை நினைச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு அண்ணி,” என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம், மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொருதரம் சொல்லு என்றாள். கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன்.